வெட்டாமல் விட்ட மூலை

அந்தக் குட்டிகளை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் கடைசியில், படாளத்தில் எங்கள் நிலத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில், கரும்பின் காய்ந்த இலைச் சோகைக்குள் இரண்டு காட்டுப்பூனைக் குட்டிகள் சுருண்டு கிடந்தன. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசும்பால் புகட்டினேன். இரண்டுக்கும் வயிறு கெட்டுப்போனது.

மறுநாள் காலை, கரும்பு வெட்டும் கன்னியம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, புள்ளைங்கள தூக்கினு வந்துட்டியாமே? அதுங்க தாய் எலி புடிக்கத்தான் போயிருந்துச்சி. இப்ப அந்த எடத்தயே சுத்திச் சுத்திக் கத்தினு கீது."

எனக்கு முகம் எரிந்தது. குட்டிகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்த மூலையை வெட்டக் கூடாது என்றேன்.

மேஸ்திரி எகிறினார். "லாரி நிக்குதும்மா! ஆலைக்கு இன்னிக்கே போவணும். பூனைக்காக எவனாவது வெட்டறத நிறுத்துவானா?"

"நான் நிறுத்துறேன்" என்று வரப்பில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வந்து கத்தியும் எழுந்திருக்கவில்லை. லாரி குறை லோடோடு போனது.

பொழுது சாயும்போது தாய் வந்தது. என்னை முறைத்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. திரும்பி வந்து மற்றதையும் தூக்கிக்கொண்டது.

அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பூனைக்காரி என்று பெயர். சொல்லட்டும். ஒவ்வொரு வெட்டிலும் சோகையை நானே விலக்கிப் பார்த்த பிறகுதான் அந்த மூலையில் கத்தி இறங்கும்.

பூனையைக் காப்பாற்றியவள் என்று யாராவது புகழ்ந்தால்தான் எரிச்சல் வருகிறது. பிள்ளை பிடித்தவள் யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியும்.