சகலன் கை பட்ட கார்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று டொலார்ட் முருகன் கோயிலில், என் கார் திருந்தவே கூடாது என்று மனதாரக் கும்பிட்டேன்.

என் பழைய கார் சிவப்பு விளக்கில் நின்றால் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். கண்ணூறுதான் என்று, போன வாரம் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தவன் நான்.

பூசை முடிந்ததும் மனைவியின் அக்கா புருஷன் பொனட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, குழாய் குழாயாகக் கிளீனர் ஸ்பிரே அடித்தார். ஓரிடத்தில் அடித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது.

“இன்ஜெக்டர் எல்லாம் நல்லா இருக்கு, தம்பி. இந்தக் குழாயிலதான் வெடிப்பு. காத்து உள்ள போகுது.”

டேப்பைச் சுற்றினார். நடுக்கம் நின்றது.

“அத்தானைப் பாருங்கோ! நீங்கள் தேசிக்காய் நசிக்கத்தான் லாயக்கு,” என்றாள் மனைவி.

சுற்றி நின்ற வேட்டிக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த பொறாமையில், இந்தத் திருத்தம் நிலைக்கவே கூடாது என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

எங்கள் வீடு இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பும் வழியில், முதல் சிவப்பு விளக்கிலேயே கார் பழையபடி நடுங்கியது. டேப் கழன்றுவிட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தில், பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்ததுகூடக் கேட்கவில்லை. இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கோ.

என்ன, அதைப் பார்க்க மனைவிதான் பக்கத்தில் இல்லை. அத்தானின் காரில் சீட் சூடாகும் என்று அதில் ஏறிப் போய்விட்டாள்.