சித்தி ஜுனைதா கழற்றிய சக்கரங்கள்

கீழக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு சித்தி ஜுனைதாவுக்கு எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. தையல் மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாம் பிரிந்து மறுபடி கூடியிருக்கின்றன. மாமியாரின் மூக்குக்கண்ணாடி மட்டும் கூடவில்லை.

அறுபத்து மூன்றாம் வருடக் கோடையில் அவள் கணவர் சுஐபு சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தபோது ஒரு பொம்மை விமானத்தைக் கொண்டுவந்தார். மெல்லிய பலகைத் துண்டுகள், குட்டி என்ஜின், தூரத்தில் நின்று அதைத் திருப்ப ஒரு ரேடியோப் பெட்டி. பெட்டியில் ஒரே பொத்தான். அழுத்தினால் விமானத்தின் வாலில் இருக்கும் சுக்கான் அசையும். பலகைகளை இழைத்து ஒட்டி விமானமாக்கியது ஜுனைதாதான். பொத்தானைத் தொட மட்டும் சுஐபு விடவில்லை.

“ஒடஞ்சுபோச்சுன்னா இங்கன வாங்க முடியாது புள்ள” என்பார்.

செய்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள்.

சக்கரம் வைக்க இரண்டு வழி உண்டு என்றது கூட வந்த தாள். முன்னால் இரண்டு, வாலடியில் ஒன்று. இல்லாவிட்டால் மூக்கடியில் ஒன்று, பின்னால் இரண்டு. புதிதாக ஓட்டுகிறவருக்கு மூக்குச் சக்கரமே நல்லது, நேராக ஓடும் என்று போட்டிருந்தது. சுஐபு அதையே பிடித்துக்கொண்டார்.

“எங்கன இறக்கப் போறீங்க?” என்று ஜுனைதா கேட்டாள்.

“கடற்கரையிலதான். வேற எங்கன?”

கடற்கரையில் ஆண்கள் கூட்டம். நானும் ஜுனைதாவும் வண்டிக்குள், திரைக்குப் பின்னால். ஈர மணலில் விமானம் நேராக ஓடி அழகாகவே எழுந்தது. இறங்கியதோ பொடிமணலில். மூக்குச் சக்கரம் புதைந்து, விமானம் குப்புறக் கவிழ்ந்து, முன்விசிறி ஒடிந்தது. மாற்று விசிறி ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் விமானம் அலமாரிக்குத்தான்.

வாலடிச் சக்கரமாவது சரிவருமா என்று சுஐபு வீட்டில் தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, ஜுனைதா குறடு ஒன்றை எடுத்து மூன்று சக்கரங்களையும் கழற்றிவிட்டாள்.

“சக்கரமில்லாம எப்படி இறங்கும்?”

“வள்ளத்துக்குச் சக்கரமா இருக்கு? வயித்தாலதான கரை ஏறுது.”

கூடைப் பிரம்பு ஒன்றை வளைத்து, விசிறி தரையில் இடிக்காத அளவுக்கு விமானத்தின் வயிற்றடியில் கட்டினாள். “கடற்கரையும் வேண்டாம். தண்ணி வத்துன கண்மாய் போதும். வெடிச்ச தரையில சக்கரந்தான் மாட்டும், பிரம்பு வழுக்கிட்டுப் போயிரும்” என்றாள்.

கண்மாய்க்குள் எங்களைத் தவிர ஆளில்லை. திரையும் இல்லை. என்ஜின் இரைய ஆரம்பித்த பிறகுதான் சுஐபுக்கு விஷயம் உறைத்தது. சக்கரமில்லாத விமானம் தானாக ஓடி எழாது. ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வீச வேண்டும். அந்த வேகம் அவர் கைக்குத்தான் உண்டு. அப்படியானால் ரேடியோப் பெட்டி?

ஜுனைதா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இதுக்குத்தான் சக்கரத்தக் கழட்டுனியா?”

“வீசுங்க மச்சான். எண்ணெய் தீருது.”

பெட்டியைக் கொடுத்துவிட்டு வீசினார். விமானம் கண்மாய்க் கரையின் கருவேல மரங்களுக்கு மேலே ஏறியது. அவள் அழுத்த, திரும்பியது. மறுபடி அழுத்தினாள், மறுபடி திரும்பியது. எண்ணெய் தீர்ந்ததும் மெல்ல இறங்கி, பிரம்பு சரசரக்க வழுக்கி நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சுஐபு ஓடிப்போய் விசிறியைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “நான் ஒரு தடவ அழுத்தட்டுமா?” என்றார்.

ஜுனைதா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஒடஞ்சுபோச்சுன்னா இங்கன வாங்க முடியாது” என்றாள்.