அறுபது நிமிடக் கேசட்

அந்தச் சனிக்கிழமை நடந்தவை:
1. மாமா என்னை ஹட்டனுக்கு அழைத்துப்போய்க் கேசட் வாங்கினார்.
2. அதில் பாட்டையும் பேச்சையும் கலந்து பதிந்தோம்.
3. மாமா அந்தக் கேசட்டின் முதுகில் எதையோ உடைத்தார்.
4. அம்மா மாமாவைத் திட்டினார்.

சித்தி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் இருந்தார். கப்பலேறுகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவோம். சித்தி கேட்டுவிட்டு, அதன்மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். கடைசியாகப் போன கேசட் சித்தியின் ரெக்கார்டரில் சிக்கி அறுந்துவிட்டது. அம்மா பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் கிளம்புகிறார். இந்த முறை தப்பக்கூடாது.

மாமா நோர்வூட்டில் ரேடியோ பழுதுபார்ப்பவர். கடையில் ஒவ்வொரு கேசட்டையும் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

“தொண்ணூறு நிமிஷம் வாங்குங்க மாமா, பாட்டு நெறைய ஏத்தலாம்!”

“அதுல நாடா மெல்லிசு புள்ள, சிக்கிக்கும். அதோட தொண்ணூறு குடுத்தா ஒங்கம்மா தொண்ணூறும் அழுவாங்க.”

ஸ்குரூ இல்லாமல் ஒட்டிய கேசட்டையும் ஒதுக்கினார். சிக்கினால் கழற்ற முடியாதாம். ஐந்து ஸ்குரூ போட்ட அறுபது நிமிடக் கேசட்டை நான்தான் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

வீட்டில் இரண்டு ரெக்கார்டர். ஒன்றில் பாட்டு ஓடும், மற்றது பதியும். அம்மா வாயைத் திறந்ததும் பாட்டின் சத்தத்தைக் குறைப்பது என் வேலை. பதிந்ததை மறுபடி போட்டுக் கேட்டபோது பாட்டு தணிந்து, அம்மாவின் குரல் மெல்ல மேலே வந்தது. நான் குதித்தேன்.

அப்போதுதான் மாமா கேசட்டின் பின்பக்கத்துச் சிறு தகடுகள் இரண்டையும் ஸ்குரூடிரைவரால் உடைத்தார். அவை போனால் அதன்மேல் வேறெதுவும் பதியாது.

“ஏன்டா, இனி இதுல அவ எப்பிடிடா பதில் பேசுவா?”

“அடடா, மறந்துட்டேன்க்கா.”

சித்தியின் பதில் ஸ்குரூ இல்லாத மட்டமான கேசட்டில் வந்தது. “அக்கா, அந்தக் கேசட்ட நானே வச்சுக்கிட்டேன். இந்தத் தடவ ஒங் கொரல அழிக்காம பேசுறேன்.” அம்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நல்ல கேசட் போய்விட்டதே என்று எனக்கு ஆத்திரம். மாமா மறந்துவிட்டார் என்றே அன்று நம்பினேன்.

இப்போது என் தொழிலும் ஒலிப்பதிவுதான். அறுபது நிமிடக் கேசட் கோத்தகிரியில் இருக்கிறது. மட்டமானது என்னிடம் இருக்கிறது. இரண்டும் இன்னும் ஓடுகின்றன.