மேலச் சித்திரை வீதியில் ஒரு பழைய கார் பார்க்கப் போனோம்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "குறைந்த விலையில் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, அதிலேயே திருச்சிப் பக்கம் சுற்றலாம் என்று இருக்கிறேன். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?" இதற்கு இன்ஜின், கியர் என்று பட்டியல் போட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 1966 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, கைலாசபுரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, பதின்மூன்று மைல் தூரம் போய் ஒரு கார் பார்த்த கதைதான். அதற்குப் பிறகு எங்கெங்கோ போய்விட்டேன். அந்த அளவுக்கு எதுவும் என்னை வாயடைக்க வைக்கவில்லை.

கார் தேடிப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களிலும் இரும்புக் காலிப்பர். சமதரையில் தட்டுத் தடுமாறி நடப்பேன். பஸ் படி மட்டும் முடியாது. கைலாசபுரத்தில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு டவுனில் ஒரு கான்வென்ட்டில் இடம் கிடைத்தது. பள்ளி திறந்து பத்து நாள் ஆகியும் நான் போகவில்லை. ஆபீஸ் நேர பஸ்ஸில் என்னைத் தூக்கிக்கொண்டு ஏற அம்மா மூன்று நாள் முயன்றாள், மூன்று நாளும் பஸ் நிற்காமல் போனது. தலைமை சிஸ்டர் சொல்லி அனுப்பிவிட்டார்: திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கும் வேறு பிள்ளைக்கு இடம் போய்விடும்.

அம்மா டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பு மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்து வேன் ஓட்டியவள். தானே டயர் மாற்றுவாள், தானே பிளக் கழற்றித் துடைப்பாள். தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு சைக்கிளைத் தாண்டி ஒன்றும் தெரியாது. "உனக்குத்தான் தெரியும், நீயே பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். இந்தக் கட்டுரையில் நேரங்கள் சரியாக இருப்பதற்கு அந்தக் கடிகாரம்தான் காரணம். நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தேன்.

அதற்கு முன் இரண்டு கார்கள் பார்த்தாகிவிட்டது. துவாக்குடியில் ஒன்று, அம்மா தரை விரிப்பைத் தூக்கினாள், கீழே ரோடு தெரிந்தது. மணப்பாறையில் ஒரு முறுக்கு வியாபாரியின் கார். அதில் எண்ணெய் வாசனையைப் பொறுத்துக்கொள்ளலாம், கிளப்பியதும் வந்த புகையில் வியாபாரியையே காணவில்லை. மூன்றாவதுதான் ஸ்ரீரங்கம். இங்கிலீஷ்காரர்கள் வடிவமைத்த, நான்கு கதவு வைத்த சின்னக் கார். கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன், கருத்துப் பகுதியில் சண்டை வரும். 1955இல் புதிதாக வாங்கியது, கேட்கும் விலை மூவாயிரம்.

காலை 7.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். சனிக்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. கண்டக்டரே இறங்கி வந்து என்னைத் தூக்கி உள்ளே வைத்தார். டவுனுக்கு அம்மாவுக்கு முப்பது பைசா, எனக்கு பதினைந்து. அங்கிருந்து வேறு பஸ். பழைய காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தது. அம்மாவின் மடியில் இருந்த எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன.

9.35க்கு மொட்டைக் கோபுரத்தின் முன்னால் இறங்கினோம். அப்போது ராஜகோபுரம் கட்டி முடிக்கப்படவில்லை, அடிப்பகுதி மட்டும் நின்றது. அடிப்பகுதி என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நிமிர்ந்து பார்த்தேன், பின்பக்கமாக விழப்போனேன், அம்மா பிடித்துக்கொண்டாள். ஒரு குதிரை வண்டிக்காரர் ஐம்பது பைசாவுக்கு மேலச் சித்திரை வீதியில் கொண்டுபோய் விட்டார்.

கார் வீட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில், வீதியை ஒட்டி வடக்கே பார்த்து நின்றது. பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஓர் ஐயங்கார், துணியும் கையுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கோ. லெட்டர் போட்டிருந்தது நீங்கதானே?" என்றவர், அம்மாவுக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை வருகிறாரா என்று பார்த்தார். அம்மாவுக்கு இது பழக்கம். "நான்தாங்க பாக்கணும், ஐயா. சாவி குடுங்க" என்றாள்.

அம்மா காரைப் பார்ப்பது ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். முதலில் தொட்டுப் பார்ப்பாள், பிறகுதான் பேச்சு. பானெட்டைத் திறந்தாள். நான் ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இன்ஜின் அவ்வளவு சுத்தம். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள், ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள், தரை விரிப்பைத் தூக்கினாள். துரு இல்லை. கிளப்பினாள்; முதல் இழுப்பிலேயே ஓடியது, புகை இல்லை. இதுதான், இதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மீட்டரைப் பார்த்தாள். 6,190 மைல். பதினோரு வருஷத்துக் காரில் ஆறாயிரம் மைலா? அம்மாவின் முகம் மாறியது. இறங்கி முன் டயர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வலது டயரில் கோடுகள் பளிச்சென்று இருந்தன. இடது டயரின் வெளி ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தது. மறுபடி உள்ளே உட்கார்ந்து, காரை இரண்டடி நகர்த்தி ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். வலது பக்கம் தொளதொளவென்று போனது. இடது பக்கம் கல் மாதிரி இறுகியிருந்தது.

அம்மா சாவியை நீட்டினாள். "மன்னிச்சுக்குங்க ஐயா. இது எங்கேயோ மோதி முன்பக்கம் கோணியிருக்கு. மீட்டரையும் யாரோ பின்னால திருப்பியிருக்காங்க. புள்ளைய வச்சு ஓட்டப்போற வண்டி, எனக்கு வேணாம்."

ஐயங்கார் சாவியை வாங்கவில்லை. "மோதித்தா? இந்த வண்டியா? பெருமாள் ஆணையா சொல்றேம்மா, நான் ஒருத்தன் தவிர வேற யாரும் இதைத் தொட்டதில்லை" என்றார். தேய்மானத்துக்குக் காரணம் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். அதற்குள் நான்காவது காருக்கு எங்கே போவது?

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "அவாளை ஒரு சுத்து ஓட்டிப் பாக்கச் சொல்லுங்கோளேன். இன்னும் நாம இன்னிக்குப் போகலையே." கதவருகே ஒரு நாற்காலியில் அவர் மனைவி, மாமி, உட்கார்ந்திருந்தார். ஐயங்கார் போய் அவரைத் தூக்கி வந்து காரின் முன் சீட்டில் உட்கார வைத்தார். எப்படித் தூக்கினார் என்பதை அம்மா கவனித்தாள். பிறகு சொன்னாள், ஆஸ்பத்திரியில் கூட அவ்வளவு நேர்த்தியாக யாரும் தூக்குவதில்லை என்று. மாமிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பதினோரு வருஷமாகவே அப்படித்தானாம். தினம் காலையில் பெருமாளை வலம் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். கால்கள் செயலிழந்த அதே வருஷம் ஐயங்கார் இந்தக் காரை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

10.20க்குக் கிளம்பினோம். அம்மா ஓட்டினாள், ஐயங்கார் என் பக்கத்தில். அந்த வீதிகளை நான் மறக்கவே முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கோபுரம். ஒன்றைப் பார்த்து வாயை மூடுவதற்குள் அடுத்தது. வெள்ளைக் கோபுரம் வந்தபோது மாமி கை கூப்பினார், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஐயங்கார் அதைப் பார்த்துச் சிரித்தார். வடக்கு வீதிக்கு வலது பக்கம் திரும்பினோம். கீழ வீதிக்கு வலது பக்கம். தெற்கு வீதிக்கும் வலது பக்கம்.

அம்மா காரை ஓரமாக நிறுத்தினாள். "ஐயா, நீங்க தினம் இந்த வழியாத்தான் போவீங்களா?"

"வேற எந்த வழி? பிரதட்சணம்னா வலமாத்தானே வரணும்."

"வேற எங்கேயும் போனதில்லையா? பெட்ரோல் போட?"

"டின்ல வாங்கிண்டு வந்துடுவேன். மெக்கானிக் ஆத்துக்கே வருவான். மெட்ராஸ்லேர்ந்து ஒரு டிரைவர் ஓட்டிண்டு வந்தான், அதோட சரி. ஒரு சுத்து ஒன்றரை மைல்."

எனக்குக் கணக்கு என்றால் உயிர். ஒன்றரையை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி, அதைப் பதினொன்றால் பெருக்கினேன். "ஆறாயிரத்து இருபத்திரண்டரை" என்று பின் சீட்டிலிருந்து சொன்னேன். "மெட்ராஸ்லேருந்து வந்தது இருநூறு மைல் வச்சுக்கலாம். இன்னும் முப்பது மைல் குறையுதே அம்மா?"

"தேர் ஓடற நாள்ல வண்டி எடுக்க முடியாதே கொழந்தே" என்றார் மாமி.

அம்மா ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கார், நாலாயிரம் சுற்று, பதினாறாயிரம் முறை வலது பக்கம் மட்டுமே திரும்பியிருக்கிறது. அதன் இடது பக்கத் திருப்பம் இன்னும் பிரிக்காத பொட்டலம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது என்ன வந்ததோ, அதேதான் அந்தத் தேய்ந்த டயரை நினைத்தபோதும் வந்தது. அம்மா திரும்பி, "ஐயா, நான் உங்களைப் பொய் சொல்றவராக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாள். அம்மா யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு பிரியமா வச்சிருக்கீங்க. ஏன் விக்கறீங்க?" என்று கேட்டாள். ஐயங்கார் வெளியே பார்த்தார். மாமிதான் பதில் சொன்னார். "இவருக்குக் கண்ணுல புரை. போன மாசம் கீழ வீதி முனையில ஒரு மாடு நின்னுது, இவருக்குத் தெரியலை. நான் கத்தினதாலே மாடு பிழைச்சுது. அடுத்தது மனுஷாளா இருந்துட்டா? நான்தான் வித்துடச் சொன்னேன்."

"ஒரு தடவையாவது இடது பக்கம் திருப்பிப் பாத்தாத்தான் எனக்கு நிச்சயமாகும்" என்றாள் அம்மா. ஐயங்கார் தயங்கினார். "திருப்பட்டுமே. வாங்கறவா பாக்க வேண்டாமா?" என்றார் மாமி. தெற்கு வீதியின் நடுவே கோபுர வாசலில் அம்மா இடது பக்கம் திருப்பினாள். முழு பலத்தையும் போட்டாள். ஸ்டீயரிங் ஒருமுறை முனகியது, பிறகு பிடிவாதமாக, ஆனால் நேராகத் திரும்பியது. கோணல் இல்லை, இழுப்பு இல்லை. மொட்டைக் கோபுரத்தையும் தாண்டி, அம்மா மண்டபம் என்கிற படித்துறை வரை, முக்கால் மைல், அவள் நிறுத்தவில்லை.

அங்கே காவிரி. புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில், கரையிலிருந்து கரை வரை. படித்துறையில் ஜனங்கள் பூ விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை எனக்கு முன்னால் முதுகுகள் இல்லை. அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் நகரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாமி கண்ணாடிக் கதவை இறக்கினார். நீண்ட நேரம் பார்த்தார். "பதினோரு வருஷமாச்சு நான் காவேரியைப் பார்த்து" என்றார். "இவ்வளவு கிட்டத்துலேயே இருந்திருக்கா. நீங்களும் கேக்கலை, நானும் சொல்லலை."

"நீ பெருமாளைத்தானே கேட்டே" என்றார் ஐயங்கார். மாமி பின்பக்கம் கையை நீட்டினார், அவர் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பி விலை பேசினோம். முன் சக்கரங்கள் திரும்பும் கிங்பின்னும் இரண்டு டயரும் மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னாள், 2,700க்கு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கொண்டுவந்து மாமியை ஒரு சுற்று அழைத்துப்போவதாக அம்மா சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம். ஞாயித்துக்கெழமை நீங்க உங்க கோயிலுக்குப் போகணுமோல்லியோ" என்று மாமி முடித்துவிட்டார். 12.15க்குக் கிளம்பினோம். அம்மா வண்டியை அங்கேயே தெற்கே திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை, வடக்கே போய், முழுச் சுற்றும் வலமாக வந்துதான் வெளியே வந்தாள்.

இனி, கேட்ட வாசகருக்கு. நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். தரை விரிப்பைத் தூக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். முக்கியமாக, விற்பவர் தினம் போகும் வழியில் அவரோடு ஒருமுறை போய்வாருங்கள். சித்திரை வீதிகளுக்கு இப்போது காரில் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை. காலை ஆறு மணிக்கு நடந்தே சுற்றுங்கள், வலமாக. புதுத் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மேட்டூர் திறந்த செய்தி வந்து நான்கைந்து நாள் கழித்துப் போங்கள்.

அந்தக் கார் எங்களிடம் ஒன்பது வருஷம் ஓடியது. ஆனால் எனக்கு அதன் முதல் திங்கட்கிழமைதான் பெரிது. கைலாசபுரத்திலிருந்து பள்ளி வரை எத்தனை இடது திருப்பம் என்று எண்ணினேன்: பதினொன்று. அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. 8.40க்குப் பள்ளி வாசலில் நிறுத்தி, என்னைத் தூக்க இறங்கப் போனாள். அந்தக் காருக்குப் படி கிடையாது, தரையோடு தரையாக இருந்தது. நானே கதவைத் திறந்து, இரண்டு இரும்புக் கால்களையும் வெளியே வைத்து, எழுந்து நின்றேன். பத்து வயதுவரை எங்கே போனாலும் யாராவது ஒருவர் கையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அன்று மணி அடிப்பதற்குள் நானே நடந்து போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.