பாறையில் ஏழு முளைகள்

இடுப்பில் கட்டிய கயிறு என் உயிரைக் காப்பாற்றத்தான் என்று முழுசாக நம்பினேன். கீழே நிற்கிறவர்கள் மறுமுனையைப் பிடித்திருப்பார்கள் என்று நினைப்பு. விழுகிறவனைக் கீழேயிருந்து எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். பரளச்சிப் பக்கத்து மொட்டைப் பாறை உச்சியில் ஏற்றும் கார்த்திகை விளக்குக்கு அந்த வருஷம் எங்கள் கடை எண்ணெய். கொடுக்கிறவரே மேலே ஏறி ஊற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். செங்குத்தான அந்தப் பாறையில் கால் வைக்க மொத்தம் ஏழே இரும்பு முளைகள்.

என்னைக் கூட்டிப்போனவர் கல்லுடைக்கிறவர். அவருக்குப் புருவத்தில்கூடக் கல்தூசி. ஒவ்வொரு முளையையும் சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் மிதிப்பார். ஐந்தாவது முளையை மட்டும் இரண்டு தடவை தட்டினார்.

"என்னப்பா சொல்லுது?"

"லேசா ஆடுது மொதலாளி. பாறைய ஒட்டி மிதிங்க."

"கயிறு கெட்டிதானே?"

"யானையக் கட்டலாம். வாங்க."

தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு மிதித்தேன். உச்சிக்குப் போனதும் அவர் என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். என்னைக் காப்பாற்றிய கயிறாயிற்றே என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, பரிதாபப்பட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு கயிற்றை இழுத்தார். மறுமுனையில் கட்டியிருந்த எண்ணெய் டின் பாறையில் முட்டி முட்டி மேலே வந்தது.