நாலாவது ஆள் இல்லாத படம்

என் மகள் காலேஜுக்குப் போக மூன்று வாரம் இருந்தபோது ஒரு போட்டோ கேட்டாள். நான், அவள் அப்பா, அவள், மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ. ஹாஸ்டல் மேசையில் வைத்துக்கொள்ளவாம். அம்மா விருத்தாசலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள், பெண்ணிடம் அப்படி ஒரு படம்கூடக் கிடையாது என்றால் யார் நம்புவார்கள்? "நாளைக்கு எடுக்கலாம்டி" என்றேன். அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லிவருகிற அதே நாளைக்கு.

எனக்குப் பயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் ஒருவர் போய்விடுவார் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே எடுத்தும் கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எனக்குப் பத்து வயதில் அம்மாவையும் என்னையும் தம்பியையும் நிற்க வைத்து அப்பா ஒரு படம் எடுத்தார். அந்த மாதமே தம்பி மஞ்சள் காமாலையில் போய்விட்டான். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "மூணு பேராவா நிக்க வச்ச?" என்று அப்பாவிடம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் படம் பீரோவுக்கு அடியில் போயிற்று.

அதற்குப் பிறகு அப்பாவின் ஸ்டூடியோவில் ஒரு பீங்கான் முயல் வந்து உட்கார்ந்தது. மூன்று பேராக யார் வந்தாலும் அப்பா அதைத் தூக்கி ஒருவர் மடியில் வைத்துவிடுவார். அதுதான் நாலாவது ஆள். ஒரு காது மூக்குப்பொடி அளவுக்கு உடைந்த அந்த முயல் இந்த ஊரின் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது. கடை என் கைக்கு வந்தபோது காமிரா மாறியது, லைட் மாறியது, முயல் மட்டும் மாறவில்லை. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். ஒளி எப்படி வளையும் என்று பரீட்சையில் எழுதியவள். எழுதி என்ன?

அந்த வாரம் பார்த்துத்தான் மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். பாட்டுப் பாடுகிற அம்மா, ஸ்கூலில் மியூசிக் டீச்சர். வயலின் வாசிப்பவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். மிருதங்கம் வாசிக்கிற தம்பி சேத்தியாத்தோப்புக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். சென்னையில் ஒரு சின்ன சபாவில் முதல் கச்சேரி கிடைத்திருக்கிறதாம். போஸ்டருக்குப் படம் வேண்டும்.

"வரிசையா உக்கார வச்சி, கும்புடுற மாதிரி வேணாங்க. கிரியேட்டிவா ஏதாவது பண்ணுங்க" என்றார் டீச்சர்.

நான் கேட்ட முதல் கேள்வி, "தம்புரா யாருங்க போடுறாங்க?"

"அது செல்போன்லயே வந்துடுதுங்க."

நாலாவது ஆளை ஒரு செல்போன் விழுங்கியிருந்தது. வேறு ஸ்டூடியோவுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பார்களே, அதை எப்படிச் சொல்வது? வெட்கம் பயத்தைவிட ஒரு பிடி பெரிது.

அதனால் கற்பனையை அவிழ்த்துவிட்டேன். மூன்று பேரின் நிழல் மட்டும் பீங்கான் சூளைச் சுவரில் விழுகிற மாதிரி எடுக்கலாம் என்றேன். ஆட்களே வேண்டாம், வாத்தியங்களை மட்டும் எடுக்கலாம் என்றேன். பளபளப்பான பெரிய ஜாடியில் தெரிகிற பிம்பத்தை எடுக்கலாம், அதில் நானும் தெரிவேன், போனால் போகிறது என்றேன். தனித்தனியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டலாமா என்றும் கேட்டேன். ஒட்டினால் அது மூன்றா, மூன்று ஒன்றா என்று மனதுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தேன். வயலின்காரர், "என்னா ஐடியாங்க உங்களுக்கு! சென்னையில கூட இப்படி யோசிக்க மாட்டாங்க" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

கடைசியில் எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில், பீங்கான் பொம்மை செய்கிற தெரிந்த ஒரு யூனிட்டில் எடுப்பதென்று முடிவாயிற்று. சுடாத பொம்மைகள் வெள்ளை வெளேரென்று பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே பாய் விரித்து மூவரையும் உட்கார வைத்தேன். பொம்மைகள்தான் ரசிகர்கள். இருநூறு பேர் இருக்கும்போது யார் மூன்றென்று எண்ணப்போகிறார்கள் என்று கொஞ்சம் தெம்பாக இருந்தது. எடுத்துக் காட்டினேன். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். முகம் சின்னதாகத் தெரிகிறதாம், கிட்டே போய் எடுக்க வேண்டுமாம்.

கிட்டே போனால் பொம்மைகள் வெளியே போய்விடும். பையிலிருந்து முயலை எடுத்து மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முயலு எதுக்குங்க?" என்றார் வயலின்காரர். "சின்னப் புள்ளைங்க கச்சேரின்னு நெனச்சிக்குவாங்க."

முயலை எடுத்தேன். காமிராவுக்குள் மூன்று முகங்கள். மூன்றும் நல்ல முகங்கள். மிருதங்கத் தம்பிக்கு என் தம்பி மாதிரியே முன்பல் லேசாகத் தூக்கியிருந்தது, அதை அப்போதுதான் பார்த்தேன். விரல் பட்டனை அமுக்க மறுத்தது. லென்ஸைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

பக்கத்தில் ஓர் அக்கா ஈர ஸ்பாஞ்சால் பொம்மைகளின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், முயலைப் பார்த்தார், பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். கிட்டே வந்து காதோடு, "மூணு பேரா இருக்காங்களேன்னு பாக்குறியா?" என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான். அந்த அக்கா ஒரு வெள்ளைப் பொம்மையை எடுத்துக்கொண்டு ஓரத்தில் போய் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டினார். முழங்கை வரை களிமண் காய்ந்து வெளுத்த கை. நான் எடுத்துத் தள்ளினேன்.

படத்தைப் பார்த்த டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "இந்தக் கை யாருதுன்னே தெரியல, ஆனா சூப்பரா இருக்குதுங்க. இதுதான் கிரியேட்டிவ்." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் போஸ்டர் வந்தது. சபாக்காரர்கள் ஓரத்தில் எழுத்து வைக்க இடம் வேண்டுமென்று கையை வெட்டிவிட்டிருந்தார்கள். மூன்று பேர், மூன்றே பேர், என் கடைப் பெயரோடு.

அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தினமும் மூவருக்கும் போன் போட்டேன். ஒரு நாள் பெரிய பைல் வேண்டுமா என்று கேட்டேன். இன்னொரு நாள் பிரேம் போட்டுத் தரவா என்றேன். குரல் கேட்டால் போதும், வைத்துவிடுவேன். "மூணு பேரும் போட்டோ எடுப்போம்மா" என்று மகள் திரும்பக் கேட்டபோது எரிந்து விழுந்தேன். இந்தப் படத்தின் கணக்கு தீரட்டும் என்று மனம் சொல்லிற்று. எந்தக் கணக்கு என்று எனக்கே சொல்ல வாய் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை மிருதங்கத் தம்பியின் போன் ஸ்விட்ச் ஆஃப். செவ்வாயும் அப்படியே. டீச்சரைக் கேட்டால், "ஊர்லதான் இருக்கும்ங்க" என்றார். புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுச் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் எடுத்ததுகூட நினைவில்லை.

விசாரித்துக்கொண்டு அவன் தெருவுக்குள் திரும்பினேன். மினி லாரியிலிருந்து இரண்டு பேர் பிளாஸ்டிக் சேர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவில் சேர் இறங்கினால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு என்றுகூடக் கேட்காமல் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் அமுக்கிய பட்டன்தான், நான்தான், என்று திரும்பத் திரும்ப அதே ஓடியது. எனக்கு மறுபடி பத்து வயதாகியிருந்தது.

அப்போது டங், டங் என்று ஒரு சத்தம். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, திரும்ப ஒரு தட்டு. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிற சத்தம். எழுந்து ஓடினேன். கைலியும் பனியனுமாக வாசலில் உட்கார்ந்து, கல்லால் மிருதங்கத்தின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா! என்னாக்கா இம்மாந்தூரம்? செல்லு வாய்க்கால்ல வுழுந்துடுச்சிக்கா, ரிப்பேருக்குக் குடுத்துருக்கேன்."

சேர்கள் எதிர்வீட்டுக் காதுகுத்துக்கு. நான் அங்கேயே நின்று அழுதேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன், என் தம்பி, முயல், அந்தக் கை, எல்லாம். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மேடையில நாங்க எப்பவுமே மூணு பேருதாங்கா. கீழ இருக்குறவங்க செல்லுல எடுத்துக்கினேதான் இருக்காங்க" என்றான். பிறகு, "ஒங்க வூட்ல எத்தினி பேருக்கா?" என்று கேட்டான்.

"மூணு பேரு."

அவன் கல்லை எடுத்துத் தட்டத் தொடங்கினான். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து, அவளோடு நான் இருந்ததற்கு ஓர் அடையாளம்கூட வைக்காமல் விட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே எடுத்தோம். அவள் அப்பா இரண்டு முறை தலை வாரினார். காமிராவை ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டேன். முயலைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஸ்டூலில் வைத்திருந்தேன். மகள் அதைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தாள். "அது வேணாம்மா." சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பத்து நொடி. ஓடிப் போய் நின்றேன். வெளியே நகர்ந்துவிடலாமா என்று ஆறாவது நொடி வரைக்கும் யோசித்தேன்.

படம் சுமார்தான். அவள் அப்பா முறைக்கிறார், அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன், ரோடு தாண்டும்போது குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. அவள் விரல்கள் சிவந்திருப்பதுகூடத் தெரிகிறது.

சென்னைக் கச்சேரி முடிந்து மூவரும் நல்லபடியாகத் திரும்பினார்கள். மகள் படத்தை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அவளுக்குப் போன் போடுகிறேன். முதலில் சலித்துக்கொண்டாள், பிறகு பழகிவிட்டாள். இப்போதெல்லாம் போனை எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை.

"இருக்கேன்ம்மா" என்கிறாள்.