அரை மில்லி கனம்

2009-ஆம் வருடம், ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த நேரம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் ரூமில் எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதுவரை பார்க்கலாம் என்று சொல்லித்தான் மேனேஜர் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். அம்மாவுக்குக் கைநாட்டுதான். நான் வேலூரில் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, அதே கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து டிசைன் ரூமுக்கு மாற்றினார்கள். "எம்பொண்ணு ஏசி ரூம்ல உக்காந்துகினு இருக்கா" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஐடி கார்டின் கயிறு மெஷின் லைன் ஆட்களுக்குப் பச்சை, ஆபீஸ் ஆட்களுக்கு நீலம். அந்த நீலக் கயிற்றை நான் பஸ் ஏறும்போதும் கழற்ற மாட்டேன்.

டிசைன் ரூமில் முக்கியமான கம்ப்யூட்டர் ஒரு கேமிங் லேப்டாப். முதலாளியின் மகன் படிக்கும்போது விளையாடுவதற்காக வாங்கி, சலித்துப்போய் எங்களுக்குத் தள்ளிவிட்டது. செங்கல் மாதிரி கனம். மூடியின் மேல் நாக்கை நீட்டிய ஒரு சிவப்பு டிராகன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஷூ அச்சைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். மற்ற கம்ப்யூட்டர்களில் அதற்கு வேண்டிய கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த லேப்டாப்பின் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறி, திரை கறுத்துவிட்டது. வேறு மானிட்டரை இணைத்துப் பார்த்தேன். அதிலும் அதே கோடுகள். ஆகவே திரையில் பழுதில்லை, கிராஃபிக்ஸ் கார்டுதான் போய்விட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருவதாக இருந்தது. புது லேடீஸ் ஷூவின் மாடலைத் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் சாம்பிள் தைக்க ஆரம்பிக்க முடியும். மேனேஜர் சென்னையில் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம் என்றார். அவர்கள் பத்து நாள் கேட்டார்கள். நான் எழுந்து நின்று, இந்த மாடலில் கார்டு தனியாகக் கழன்று வரும், நானே மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்றதா இருந்தா செய். சனிக்கிழமை ஓடலன்னா டிசைன் வேலைய வெளிய குடுத்துருவேன். அப்புறம் நீ பேக்கிங்குக்குத்தான் போவணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

வியாழக்கிழமை ரயிலேறி சென்னை போனேன். ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் அதே மாதிரி கார்டு கிடைத்தது. கடைக்காரர் அங்கேயே ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு ஓட்டிக் காட்டினார். பிறகு சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி இரண்டு சின்னத் தகடுகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். கார்டிலிருக்கும் சின்ன சிப்புகளின் சூடு, மேலே உட்காரும் செப்புத் தகட்டுக்குப் போவதற்காக நடுவில் வைக்கிற பேட் அது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்: "பழசு எடுத்துப் போடறதுக்கு முன்னாடி அது எவ்ளோ கனம்னு..." நான் முடிக்க விடவில்லை. "தெரியும் சார், நான் கம்ப்யூட்டர்தான் படிச்சிருக்கேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு பில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்பைக் கவிழ்த்து, ஆணிகளைக் கழற்றி வரிசையாகக் காகிதத்தில் ஒட்டி, மேலிருந்த செப்புத் தகட்டைத் தூக்கிப் பழைய கார்டை உருவி எடுத்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

செப்புத் தகட்டின் அடியில் பழைய பேட்டுகள் கருத்து, எண்ணெய் கசிந்து, அழுக்குத் திட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கம்பெனியில் ஷூவின் ஓரத்தில் வழிந்த சொல்யூஷனை க்ரேப் ரப்பரால் தேய்த்து எடுப்பார்கள். சொல்யூஷன் என்றால் சோல் ஒட்டுகிற பசை. அது ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் செக்கிங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. பக்கத்து மேசையிலிருந்த க்ரேப் துண்டை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். மிச்சத்துக்குக் கொஞ்சம் தின்னர். செப்பு புதுக் காசு மாதிரி மின்னியது. பழைய பேட் எவ்வளவு கனம் இருந்தது என்று சொல்ல ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. சுத்தமாக வேலை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கவரில் இருந்த இரண்டு தகடுகளும் என் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தன. மேலே இருந்ததை எடுத்து வெட்டி, சின்ன சிப்புகளின் மேல் வைத்தேன். பெரிய சிப்பின் மேல் பேஸ்ட் தடவி, செப்புத் தகட்டை மூடி, ஆணி முடுக்கி, சுவிட்சைப் போட்டேன். திரையிலும் அதே டிராகன் வந்தது. கோடு இல்லை. மேனேஜருக்குப் போன் செய்து ஓடுகிறது சார் என்று சொல்லிவிட்டேன். அவர் வந்து சேர்வதற்குள், ஷூ மாடலைத் திறந்து ஒரு சுற்றுத் திருப்பியதும் ஃபேன் ஜெட் மாதிரி இரைந்து, லேப்டாப் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். இரண்டு நிமிடம், மறுபடி அணைந்தது. மேனேஜர் என் பின்னால் நின்று மூன்று முறை அது அணைவதைப் பார்த்தார். பிறகு தன் ரூமுக்குப் போய்விட்டார்.

உடனே சென்னைக் கடைக்குப் போன் போட்டேன். கெட்டுப்போன கார்டைத் தலையில் கட்டிவிட்டீர்கள், பெண்பிள்ளை தனியாக வந்தால் ஏமாற்றலாம் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். பக்கத்து ரூமுக்கே கேட்கிற மாதிரி. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பேட் கனம் சரியா பாத்து வெச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்த்துத்தான் வைத்தேன் என்றேன். பார்க்கவில்லை என்பது அந்த நொடியில் எனக்கே தெரியும். "அப்படின்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்றார். மறுநாள் பையர் வரும்போது நான் எங்கே சென்னை போவது? மேனேஜரிடம் போய், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் சார் என்று சொன்னேன். அவர் திங்கட்கிழமை பேக்கிங்கில் வந்து பார்க்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் தொழுகைக்காக இடைவேளை நீளம். மெஷின்கள் நின்று லைன் முழுக்க அமைதியாகிவிட்டது. நான் சாப்பிடப் போகவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பிரித்து மேசையில் பரப்பிப் போட்டுவிட்டு, கார்டைச் சுற்றி வைக்கக் காகிதம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் வந்தாள்.

அவள் ஸ்கைவிங் மெஷினில் வேலை செய்பவள். தோலை மடித்துத் தைப்பதற்கு வசதியாக ஓரத்தை மெல்லிசாகச் சீவுகிற மெஷின் அது. எட்டாவது வரை நானும் அவளும் ஒரே பெஞ்ச். கணக்கில் என்னைவிட நன்றாகப் போடுவாள். அவள் அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை நிறுத்தி வேலைக்கு வந்துவிட்டாள். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்கு அங்கே ஏழு வருட சர்வீஸ். பேக்கிங்கில் இருந்தவரை கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிடுவோம். டிசைன் ரூமுக்கு வந்த பிறகு நான் ஆபீஸ் ஆட்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் கூப்பிட்டும் பார்த்தாள். பிறகு கூப்பிடவில்லை.

வேறு மாடல் சாம்பிளுக்குச் சீவிய துண்டுகளை ஒரு டிரேயில் கொண்டுவந்திருந்தாள். மேசையைப் பார்த்து, "இன்னா மேடம், பொட்டிய கறி வெட்றாப்ல பிரிச்சிப் போட்டுகினு உக்காந்துகினு இருக்க?" என்றாள்.

டிரேயை வைத்துவிட்டுப் போ என்றேன். போகவில்லை. இன்னாதான் ஆச்சு சொல்லு என்றாள். கார்டு டூப்ளிகேட், சூடாகி அணைகிறது என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். எதையும் தொடவில்லை.

"இதுல தடவியிருக்கியே வெள்ளையா, அது இன்னா? சொல்யூஷனா?"

சூடு கடத்துகிற பேஸ்ட் என்றேன்.

"இது அது மேல உக்காரணும்தானே?" என்று செப்புத் தகட்டையும் சிப்பையும் காட்டினாள். ஆமாம் என்றேன்.

"அப்ப இன்னாடி இது? சோலு ஒட்டி ப்ரெஸ் பண்ணிட்டுப் பிரிச்சா ரெண்டு பக்கமும் சொல்யூஷன் இருக்கும்ல. இதுல கீழ மட்டும்தான் கீது. மேல ஒரு பொட்டுகூட இல்ல. இது உக்காரவே இல்ல."

நான் பார்த்தேன். சிப்பின் மேல் நான் தடவிய பேஸ்ட், காலையில் தடவியது தடவியபடியே இருந்தது. செப்புத் தகடு நான் தேய்த்த பளபளப்போடு அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. பிரித்துப் போட்டதிலிருந்து என் கண் முன்னால் கிடந்த விஷயம்.

அவள் அதற்குள் பேட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கவரிலிருந்த மற்ற தகட்டையும் எடுத்துப் பிடித்தாள். "நீ வெச்சது கனம் ஜாஸ்தி. ஒன்னரை இருக்கும். இது கம்மி, ஒன்னு. ஒன்னரைய வெச்சா அது மேல் தகட்ட தூக்கிடும், நடுவுல எப்படி ஒட்டும்?"

இரண்டும் ஒன்றுதான் என்றேன். அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை.

"எங்கிட்ட இன்னா வாதம். போய் கேஜ்ல வெச்சிப் பாரு."

தோல் கனம் பார்க்கிற கேஜ் ஸ்கைவிங் மேசையில் இருந்தது. போய் வைத்தேன். முதல் துண்டுக்கு முள் ஒன்றரையில் நின்றது. இரண்டாவதுக்கு ஒன்றில். அரை மில்லிமீட்டர். நான் திரும்பி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கத்தரியை எடுத்து ஒரு மில்லி தகட்டை அளவாக வெட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரே அளவில், ஒரே தடவையில் எட்டுத் துண்டு.

மூடி, முடுக்கி, சுவிட்ச் போட்டோம். ஷூ மாடல் திரையில் சுற்றியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம். ஃபேன் மெதுவாக ஓடியது. இடைவேளை முடிந்து மணி அடித்ததும் மேனேஜர் வந்தார். சுற்றிக்கொண்டிருந்த ஷூவைப் பார்த்து, "ஓடுதே. நீயே கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

நான் "ஆமா சார்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தின நாள் காலி டிரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேனேஜர், திங்கட்கிழமை பேக்கிங்குக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, கடைக்காரனை இனி நம்பாதே என்றும் சேர்த்துச் சொன்னார்.

என் வேலை தப்பித்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். டிரேயில் அவள் சீவி வைத்திருந்த தோல் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, காகிதம் மாதிரி முடிந்தது. இரண்டு மாதமாக இந்த டிரே தினமும் என் மேசைக்கு வந்திருக்கிறது. நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனேன். கார்டில் தப்பில்லை சார், கடைக்காரர் சொன்னதை நான்தான் கேட்கவில்லை, தப்பைக் கண்டுபிடித்தது ஸ்கைவிங்கில் இருக்கிற பெண் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப ஏன் ஆமான்னு சொன்ன?" என்று கேட்டார். தெரியல சார் என்றேன். போய் வேலையைப் பார் என்றார். அங்கிருந்தே சென்னைக்கும் போன் செய்து, தப்பு என்னுடையதுதான் என்றேன். கடைக்காரர், "ஓடுதில்ல, அதான் முக்கியம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பையர் வந்து மாடலைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். மூன்றாவது மாதம் முடிந்ததும் எனக்கு வேலை நிரந்தரமானது. அவளுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். மேனேஜர் லைனுக்குப் போய் ஒரு வார்த்தை பாராட்டினார், அவ்வளவுதான்.

பையர் வந்த அன்று மதியம் கேன்டீனில் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்குப் போனேன். அவளோடு இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் நகர்ந்து இடம் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். என் கழுத்தைப் பார்த்து, "கயிறு கொழம்புல விழுது பாரு" என்றாள். நான் கயிற்றைச் சட்டென்று எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டேன். சேர்ந்து சாப்பிட்டோம். மன்னிப்பு கேட்டேனா என்று சரியாக நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

அந்த டிராகன் லேப்டாப் அதற்கப்புறம் மூன்று வருடம் ஓடியது. எத்தனையோ கம்ப்யூட்டர்களைத் திறந்து மூடியிருக்கிறேன். இப்போதும் பழைய பேட்டைத் துடைப்பதற்கு முன்னால் அதை விரலுக்கு நடுவில் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவது அந்த அரை மில்லி கனம் அல்ல, நான் "ஆமா சார்" என்று சொன்னபோது இரண்டடி தள்ளி ஒருத்தி சத்தமில்லாமல் டிரேயை எடுத்துக்கொண்டு போனதுதான்.